வாளிக்காரனின் இடது தோள்

அண்ணா,

இன்று காலை கிணற்றடியில் தகர வாளியின் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. நீ பூசிய நீல வண்ணம் அதில் இன்னும் இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "கம்பி சுத்திக்கோ. தூக்கிப் போட்டுடாத" என்றாள். சுற்றினேன்.

செங்கல்பட்டுச் சிறுவர் இதழில் நீ வரைந்த 'வாளிக்காரன்' சித்திரக்கதை நம் கோவளத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. களவுபோன பொருளைத் தேடி ஒருவன் வாளியில் நண்டோடு அலைகிறான். நண்டு எந்தப் பக்கம் கொடுக்கை நீட்டுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போய்க் கண்டுபிடிக்கிறான். எந்தக் கட்டத்திலும் அவனுக்கு முகம் கிடையாது. முதுகுதான்.

தொலைக்காட்சிக்கு அதை நான்கு வாரத் தொடராக்கக் கேட்டார்கள். பி.ஏ. படித்தும் நான்கு பேர் முன்னால் பேச வராத என்னை வசனம் எழுத உட்காரவைத்தாய். "இன்னா பி.ஏ., நண்டு இன்னா சொல்லுது?" என்று காட்சிக்குக் காட்சி கேட்பாய்.

தயாரிப்பாளருக்கு முகம் வேண்டும். "மூஞ்சியே காட்டாம நாலு வாரம் எப்படிப்பா ஓட்டறது? ஜனங்க யாரைப் பாப்பாங்க?"

"நண்டு கீதே சார். அதுக்கு நல்ல மூஞ்சி" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். நடிக்க வந்த யாருக்கும் நீ வரைந்ததுபோல் இடது தோள் சரியவில்லை. அது உன் தோள். கடைசியில் உன்னையே நடக்கச் சொன்னார்கள். மாமல்லபுரத்து மணலில் மூன்று வாரக் கதைக்கு நடந்தாய். நான்காவதற்குள் மஞ்சள் காமாலை வந்தது. ஒளிபரப்பானபோது நீ இல்லை.

ஊராட்சிக் கட்டடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊரே உட்கார்ந்திருந்தது. வீட்டில் உன் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. நீ நடந்து போவதைப் பார்த்த அம்மா என் காதருகே குனிந்தாள்.

"அவன ஒரு வாட்டி இப்படித் திரும்பச் சொல்லுடி."

"கதை அப்படிம்மா."

அடுத்த இரண்டு வாரமும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

நான்காவது வாரம் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் நடந்தார். "முதுகுதானே, யாருக்குத் தெரியப்போகுது" என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. நண்டைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்துவிட்டாள்.

"இவன் வேற யாரோ. வா, வூட்டுக்குப் போலாம்."

எனக்கு அன்றும் அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நினைத்தால் உன் முகம் சட்டென்று வருவதில்லை. கண், மூக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தோள் மட்டும் கேட்காமலே வருகிறது.

இன்று காலை கம்பி சுற்றிய வாளியில் தண்ணீர் எடுத்து, இடது கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "அவன மாரியே நடக்கற."

நான் திரும்பவில்லை. வாளியைக் கை மாற்றாமல் அப்படியே நடந்தேன்.