ஏரிக்கு முதுகைக் காட்டி

ஜூன் 4, வியாழன்

மருந்துக்கடையில் இன்று உட்கார நேரமில்லை. ஒரு பெரியவர் மாத்திரையின் நிறம் மாறிவிட்டதென்று என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார். நானே பின்கட்டில் சாயம் தோய்த்து வைத்த மாதிரி.

வீட்டுக்கு வந்தால் இவர் குழைகிறார். குழைந்தாலே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா மலை ஏரிப் பூங்காவுல கூடாரம் போட இடம் புடிச்சிருக்கா. நாலு நாள். உன்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் இருந்தேன்."

கேட்கலாம் என்று இருந்தாராம்! இடம் பிடித்தாயிற்று, நாள் குறித்தாயிற்று, வாண்டிடம்கூடச் சொல்லியாயிற்று. ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிகிறது.

இவருடைய அந்த அக்காதான் எனக்கு அண்ணி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. முப்பது வருடம் விசில் ஊதி ஊதி, கண்ணில் படுகிற எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினாள். அதை யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறாள். மார்ச் மாதம் வாண்டை அவளிடம் இரண்டு மணி நேரம் விட்டுப் போனேன். திரும்பி வந்தால் இடுப்புவரை இருந்த முடி காதோடு நிற்கிறது. "நீச்சலுக்கு இதான் வசதி" என்றாள். இவர், "முடிதானே, வளரும்" என்றார்.

வளரும். எல்லாமேதான் வளரும்.

(முகத்துக்கு நேரே 'நீங்க', இங்கே 'அவள்'. நோட்டுக்கு மரியாதை தெரியாது.)

ஜூன் 12, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது, இரண்டு பக்கம். வாண்டின் பெயருக்கு நேரே: நீச்சலுடை, தைரியம். என் பெயருக்கு நேரே: பாத்திரம், கைப்பிடித் துணி, குப்பைப் பை.

ஜூன் 18, வியாழன்

வந்து சேர்ந்தோம். ஏரி அழகாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்? மூன்று பக்கமும் மலை, தண்ணீர் அடியில் கிடக்கிற கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு, கால் வைத்தால் எலும்பு வரை சில்லிடுகிறது. இந்த அழகை நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே!

நான் கூடாரம் அடிக்க இடம் பார்த்தேன். அவள் வந்து ஆணியைப் பிடுங்கினாள். "மழை பெஞ்சா இங்கதான் தண்ணி தேங்கும். உங்க வீட்டுல யாரும் வெளிய தங்கினதே இல்லையா?" பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஆணியை எடுத்துக்கொண்டு அவள் காட்டிய இடத்துக்கு நடந்தார்.

சாப்பாட்டுச் சாமானை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரடி வருமாம். வரட்டுமே. யாரைக் காட்டிக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

மழை பெய்தது. நான் பார்த்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 20, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் அண்ணி துடுப்புப் படகு எடுத்தாள். "வாண்டை ஏத்திட்டுப் போறேன்" என்றாள், கேட்கவில்லை, சொன்னாள். இவர் விறகு வாங்கப் போயிருந்தார். நான் கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கிறேன், படகு ஏரியின் நடுவில். வாண்டு முனையில் எழுந்து நிற்கிறாள். மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் இல்லை. மஞ்சள் சட்டைதான். அண்ணி விசில் ஊதுகிறாள். விளையாட்டு! என் பிள்ளையை வைத்து விளையாட்டு!

பயந்தது நிஜம். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை வேறெங்கும் சொல்ல மாட்டேன். மாட்டினாயா — என்று இருந்தது.

போனில் படம் எடுத்தேன். இரண்டு படம். பத்தடியில் படகுக்காரரின் மேசை. அதன் மேல் ஒலிபெருக்கி. எடுத்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அவரைத் தாண்டி, மேட்டில் இருக்கும் காவலர் அறைக்கு நடந்தேன். அங்கே இருந்த காவலர் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

அவர் மோட்டார் படகில் போய் இருவரையும் கரைக்குக் கொண்டுவந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. "பன்னெண்டு வயசுக்குக் கீழ இருந்தா ஜாக்கெட் இல்லாம ஏத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கே, படிக்கலயா? நீங்களே டீச்சர்னு சொல்றீங்க!"

அண்ணி தலை குனிந்து நின்று இன்றுதான் பார்க்கிறேன். "ஏத்திட்டுப் போனது நான். பொறுப்பு என்னுது" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஜூன் வரை ஏரியில் அவளுக்குப் படகும் கிடையாது, இறங்கவும் கூடாது. பெயரைப் பலகையில் எழுதினார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் இந்த ஏரியை நீந்திக் கடந்தவள்.

இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. நீயா?"

"இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 21, ஞாயிறு

நல்ல வேலை செய்தேன். சட்டப்படி சரி. தாய் என்ற முறையிலும் சரி. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அண்ணி நாள் முழுக்கக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், தண்ணீரைப் பார்த்தபடி. யாரையும் அதட்டவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

ஊர் திரும்பினோம். காரில் ஐந்து மணி நேரம், ஐந்து வார்த்தை.

ஜூன் 27, சனி

வாண்டுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"அம்மா, அத்தை மேல தப்பே இல்ல. அவங்க ஜாக்கெட்ட ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டி விட்டாங்க. எனக்கு வேர்த்துச்சு, நடுவுல நானே கழட்டிட்டேன். போடு போடுன்னு விசில் ஊதினாங்க. எழுந்து வந்தா படகு கவுந்துடுமாம், அதான் உக்காந்தே கத்தினாங்க."

"அத அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தை என் கையப் புடிச்சு அழுத்திட்டாங்க. பேசாதேன்னு."

துண்டை எடுக்கவில்லை. என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே.

ஜூன் 28, ஞாயிறு

அடியே, கணக்குப் போட்டுப் பார். கரையிலிருந்து அந்த அறைக்கு நான்கு நிமிடம். போகிற வழியெல்லாம் ஏரி முதுகுப் பக்கம். அந்த நான்கு நிமிடத்தில் வாண்டு தவறி விழுந்திருந்தால்? நான் பார்த்துக்கொண்டுகூட இருந்திருக்க மாட்டேன். அப்போது தண்ணீரில் குதிக்கிற ஒரே ஆள் யார்? நான் யாரைப் பிடித்துக் கொடுக்க நடந்தேனோ, அவள்.

எனக்கு நீச்சல் தெரியாது.

ஜூலை 5, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன். இவரிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, காலிக் காய்ப்பையோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நான்தான் அண்ணி போய்ச் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மோட்டார் படகு கெளம்பறப்ப மேட்டுலேர்ந்து நீதான் எறங்கி வந்த. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவன் ரெண்டு பக்கமும் கெடந்து அல்லாடுவான். அதுக்கா வளத்தேன்?" ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். "புகார் குடுத்தது தப்பில்ல. அந்த மேசையில ஒலிபெருக்கி இருந்துச்சு. மொதல்ல அத எடுத்திருக்கணும். அதுக்கு மட்டும் உன்ன மன்னிக்க மாட்டேன்."

"நானும் என்ன மன்னிக்கல."

"நல்லது. அழாத. எனக்கு உன்னப் புடிக்காது, உனக்கும் என்னப் புடிக்காது. அது பாட்டுக்கு இருக்கட்டும். போய்க் காய் வாங்கு, இல்லேன்னா அவன் கேப்பான்."

கத்தரிக்காய் வாங்கி வந்தேன். பாதி சொத்தை.

ஜூலை 19, ஞாயிறு

அண்ணி வந்து சாப்பிட்டுப் போனாள். குழம்பில் உப்பு அதிகமாம். அதிகமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13, வியாழன்

மதியம் கடையில் கூட்டமில்லை. அண்ணி வந்தாள். அவள் தெருவிலேயே இரண்டு மருந்துக்கடை இருக்கிறது. அவற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். டாக்டர் சீட்டை மேசையில் வைத்தாள்.

படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். பதினாறு வருடமாகச் சீட்டு படிக்கிறேன், எந்த மாத்திரை எதற்கென்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். இவை முற்றிய புற்றுக்கு. மருந்துத் தேதிகள் டிசம்பர் வரை போட்டிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அவள் மறுபடி ஏரியில் இறங்கலாம் என்ற அந்த ஜூன் எங்கே இருக்கிறது என்று மனசு தானாகப் போய்த் தேடியது.

"அண்ணி..."

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. மாத்திரையக் குடு."

எடுத்து வைத்தேன். எதைச் சாப்பாட்டுக்கு முன்னால், எதைப் பின்னால் என்று உறை மேல் பெரிதாக எழுதினேன். பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"தம்பிக்கு இப்பத் தெரிய வேண்டாம். நானா சொல்றப்போ சொல்லிக்கறேன்."

"சரி."

"உன்கிட்ட ஏன் வந்தேன்னு பாக்கறியா? உனக்குத்தான் வாய் கூசாம பொய் சொல்ல வருதே."

சிரித்தாளா, குத்தினாளா? இரண்டும்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் இவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "அக்காவ உன் கடை வாசல்ல பார்த்ததா நம்ம மாடி வீட்டுக்காரர் சொன்னாரே. என்னவாம்?"

"முட்டி வலிக்குத் தைலம்" என்றேன்.