மாட்டேன் என்று சொல்ல வேண்டும்

ஃப்ளீட்வுட்
4 மார்ச் 2011

அன்புள்ள டெரெக்,

போனில் பேசினால் நாம் இருவரும் உடனே கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். இன்று கை சொன்னபடி கேட்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

"கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருந்துட்டு வர்றேன்" என்று போனவன் நீ. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

என்னைக் கவனித்துக்கொள்ள டோனா என்று ஒருத்தி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மீன் பாக்கெட் போடும் ஆலையில் இருந்தவள். நேர்காணலில் அவள்தான் என்னைக் கேள்வி கேட்டாள்: "காலையில எந்திரிச்சதும் யாராச்சும் பேசினா உங்களுக்குப் பிடிக்குமா, எரிச்சலா வருமா?" இந்த நரம்பு நோய் வந்த நாளிலிருந்து என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. அப்போதே வேலை கொடுத்துவிட்டேன்.

ஆள் வைத்துக்கொள்ள கவுன்சில் தரும் பணம் தனிக் கணக்கில் வருகிறது. யாரை வைப்பது, எந்த நேரத்துக்கு வரச் சொல்வது எல்லாம் என் இஷ்டம். சம்பளம், வரி, அவளுடைய விடுமுறை, காப்பீடு எல்லாம் என் தலையில். டோனா என்னை "முதலாளியம்மா" என்கிறாள். சிரிக்காதே.

தம்பி நெவிலுக்கு என் அன்பைச் சொல்.

ஜானிஸ்


மல்லெய்க்
13 மார்ச்

ஜானிஸ்,

சிரிக்கவில்லை. இங்கே விடாத மழை. நெவிலின் பட்டறையில் ஒரு பழைய படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறு வருஷம் உன்னைத் தூக்கி இறக்கியிருக்கிறேன். அதற்காகத்தான் கடல் வேலையை விட்டேன். ஒரு நாளாவது கீழே விட்டேனா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டாய். கவுன்சிலிலிருந்து அந்த ஹோல்ராய்ட் அம்மாள் விசாரிக்க வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். பணம் தருவதென்றால் எனக்கே தந்திருக்கலாம்.

இங்கே மதுக்கடையில் நெவில் எல்லோர் முன்னாலும் கேட்டான், "என்னண்ணே, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டெரெக்


ஃப்ளீட்வுட்
20 மார்ச்

அன்புள்ள டெரெக்,

ஒரே வீட்டில் இருக்கும் கணவனுக்கு அந்தப் பணத்தைத் தரக்கூடாது என்பது சட்டம். சட்டம் அனுமதித்தாலும் தந்திருக்க மாட்டேன். சொல்லாமல் விண்ணப்பித்தது தப்புதான். சொல்லியிருந்தால் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பாய், நானும் சமாதானமாகியிருப்பேன்.

நீ ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் காலையில் என்னைப் புரட்டி, முதுகு சிவந்திருக்கிறதா, புண் வந்துவிடுமா என்று பார்ப்பாய். கணுக்காலைப் பார்ப்பாய். மாட்டியிருக்கும் சிறுநீர்ப் பையைப் பார்ப்பாய். என் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. நானும் உன்னை மணி பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு நேரமாயிற்றா, இன்னும் வரவில்லையே என்று.

உன் உருவில் நல்ல செவிலியர் இருந்தார். என் புருஷன் எங்கே போனான் என்றுதான் தெரியவில்லை.

இதைக் கோபமாக எழுதவில்லை, டெரெக். அழுதுகொண்டும் எழுதவில்லை.

ஜானிஸ்


ஃப்ளீட்வுட்
9 ஏப்ரல்

அன்புள்ள டெரெக்,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு திருமதி ப்ராட் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை டோனா வரவில்லை. அவள் அம்மா மாடிப்படியில் விழுந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அவள் போன் அணைந்து கிடந்தது. மதியம்வரை அப்படியே கிடந்தேன். பை நிரம்பிப் படுக்கை நனைந்துவிட்டது. போனை எடுத்து உன் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். கடைசியில் திருமதி ப்ராட்டைக் கூப்பிட்டேன். வந்தார், மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உதவினார்.

சாயங்காலம் டோனா வந்து அழுதாள். "என்னை அனுப்பிடுவீங்களா?"

"முதல்ல டீ போடு" என்றேன்.

அவள் மேல் தப்பில்லை. மாற்று ஆள் ஏற்பாடு செய்து வைக்காதது முதலாளியின் தப்பு. இப்போது இன்னொரு பெண்ணையும் பேசி வைத்திருக்கிறேன். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் இந்த ஏற்பாட்டை விடப்போவதில்லை.

ஜானிஸ்


மல்லெய்க்
14 ஏப்ரல்

ஜானிஸ்,

படித்ததும் பையை எடுத்து வைத்துவிட்டேன். நெவில்தான் "அவங்க கூப்பிட்டாங்களா?" என்று கேட்டு உட்கார வைத்தான்.

நீ முகத்தைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லாததால்தான் எழுதவில்லை. எஞ்சினோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அதையே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரட்டுமா? டோனா இருக்கட்டும். நான் குறுக்கே வர மாட்டேன்.

டெரெக்


ஃப்ளீட்வுட்
20 ஏப்ரல்

அன்புள்ள டெரெக்,

வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குமுன் ஒரு சங்கடம் இருக்கிறது.

ஹோல்ராய்ட் அம்மாள் மறுபரிசீலனைக்கு வந்தார். நல்ல மனுஷிதான். "உங்க வீட்டுக்காரர் திரும்பி வர்றாரா? வந்தா இத்தனை மணி நேரத்துக்கு ஆள் தேவைப்படாதே" என்றார். வீட்டில் செய்ய ஒருவர் தயாராக இருந்தால் அந்த நேரத்துக்குப் பணம் தர மாட்டார்கள். உனக்கு விருப்பமில்லை என்றால் உன்னைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் அதை உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் உனக்குப் போன் செய்வார்.

என்னைத் தூக்கமாட்டேன், குளிப்பாட்டமாட்டேன் என்று சொல். முதுகு வலி என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. அப்புறம் வலி போய்விட்டதா என்று கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்.

உன்னிடம் இதுவரை நான் கேட்டதிலேயே பெரிய உதவி இதுதான்.

ஜானிஸ்


மல்லெய்க்
25 ஏப்ரல்

ஜானிஸ்,

முன்பின் தெரியாத ஒருத்தியிடம், என் பெண்டாட்டியைத் தொடமாட்டேன் என்று நான் சொல்ல வேண்டுமா? அதை அவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா? என் அப்பா இதைக் கேட்டிருந்தால் என் முகத்தில் துப்பியிருப்பார்.

என்னால் முடியாது.

டெரெக்


மல்லெய்க்
12 மே

அன்புள்ள ஜானிஸ்,

இன்று காலை அந்த அம்மாள் போன் செய்தார். மறந்துபோவதற்குள் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"நீங்க வீட்டுக்குத் திரும்பினா, உங்க மனைவியைக் காலையில எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி விடுவீங்களா?"

"மாட்டேன்."

"முடியாதா, விருப்பமில்லையா?"

"முடியும். உங்க ஆள் யாரையும்விட நல்லாவே முடியும். செய்யமாட்டேன்."



"காரணம்னு என்ன எழுதிக்கட்டும்?"

"அவ என் பெண்டாட்டி. அதையே எழுதிக்குங்க."

போனை வைத்த பிறகு பட்டறைக்கு வெளியே போய் மழையில் நின்றேன். உன்னைக் கைகழுவிவிட்டதுபோலத்தான் இருந்தது. இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. இது சரி என்று என் மனசு ஒப்புக்கொள்ளவில்லை, ஜானிஸ். நீ கேட்டாய், சொன்னேன்.

டெரெக்


ஃப்ளீட்வுட்
2 ஜூன்

அன்புள்ள டெரெக்,

உன் கடிதத்தை டோனாவைப் படித்துக் காட்டச் சொன்னேன். அன்று கண் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அவள் பாதியில் நிறுத்தி, "நான் வெளிய போய் ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வர்றேன் முதலாளியம்மா, மிச்சத்தை நீங்களே படிங்க" என்று போய்விட்டாள்.

கவுன்சிலிலிருந்து தகவல் வந்துவிட்டது. ஞாயிறு மாலை நேரத்தை மட்டும் குறைத்திருக்கிறார்கள். எதிர்த்து எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வா. டோனா சீக்கிரம் கிளம்பிவிடுவாள். நீல உடுப்பைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

சாவி போட்டுத் திறக்காதே. மணியை அடி. நான் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நடையில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வர வெகுநேரமாகும். கேட்டுக்கொண்டு நிற்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும். உள்ளே வந்துவிடத் தோன்றும். வராதே. வாசலிலேயே நில்.

நானே வந்து திறக்கிறேன்.

உன் மனைவி,
ஜானிஸ்