ஒருத்தி நடத்திய கூட்டம்

வியாழக்கிழமை, இரவு

ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் அதைக் கூட்டம் என்று சொல்லலாமா? எனக்கு விடை தெரியவில்லை. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் சொல்லலாம் என்கிறது.

போலகத்து அரிசி ஆலைக் கம்பெனியில் இப்போது பங்குதாரர்கள் இரண்டே பேர், நானும் அண்ணியும். என் பங்கு அதிகம். ஆலையை விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். நிலக்கரி கொட்டி வைக்கக் கீழவாஞ்சூர்த் துறைமுகக்காரர்கள் இடம் கேட்கிறார்கள். ஆனால் அண்ணன் போன பிறகும் தினம் ஆலையைத் திறந்து நடத்துவது அண்ணிதான். கம்பெனியின் பதிவு முகவரியும் அவர் வீடுதான். கூட்டத்துக்கு நான் போகும்போதெல்லாம் காபி கொடுப்பார். அடுப்படியை விட்டு முன்னறைக்கு மட்டும் வரமாட்டார்.

"ரெண்டு பேரு உட்காந்தாத்தானே கூட்டம்? நீ காபியக் குடி."

"எத்தன நாளைக்கு அண்ணி இப்படி?"

"நீ விக்கிறத மறக்குற வரைக்கும்."

அதனால்தான் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். ஒருவர் வந்தாலே போதும் என்று உத்தரவு வந்துவிட்டது. இன்று மாலை அதன் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார் அண்ணி. சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாளை கூட்டம்.

வெள்ளிக்கிழமை

முன்னறையில் தனியாக உட்கார்ந்து விற்பனைத் தீர்மானத்தை உரக்கப் படித்தேன். எதிர்ப்பவர் உண்டா என்று முறைப்படி கேட்டேன்.

"நான் இருக்கேன்" என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

முன்னறைக்கு வாங்க என்று நான் கூப்பிடவில்லை. எதிர்ப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.