பருப்பில் கிடந்த எலும்பு

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உன் அப்பாவின் முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர, இரண்டும் விடிந்ததும் முனக ஆரம்பித்துவிடுகின்றன. நீ சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது. நீ போன் செய்தால் அப்பாவிடம்தான் பேசுகிறாய், கடைசியில் ஒரு மரியாதைக்கு அம்மா எங்கே என்று கேட்கிறாய், அவர் குளிக்கிறாள் என்கிறார், நீயும் சரிப்பா என்று வைத்துவிடுகிறாய். நான்கு மாதமாக நான் குளித்துக்கொண்டே இருக்கிறேன்டா. நிஜமாகவே இவ்வளவு குளித்திருந்தால் இந்நேரம் கரைந்து போயிருப்பேன்.

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாதா என்ன. போன தடவை நீ வந்திருந்தபோது மூன்றாம் நாள், கறி, முட்டை, பால் எதையும் தொடாத உனக்கென்று வைத்த பருப்பில் ஒரு சின்ன எலும்பு கிடந்தது. கரண்டி மாறி விழுந்துவிட்டது என்று அப்போதே சொன்னேன், நாள் முழுக்க இருநூறு பேருக்குச் சமைத்துவிட்டு வருகிறவளுக்குக் கரண்டி மாறாதா, நீ தட்டை நகர்த்தி வைத்தாய். அதற்குப் பிறகு உனக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு, கடைக்காரன் உங்க வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று என்னிடம் கேட்டான். இரண்டு நாள் முன்னதாகவே பெட்டியைக் கட்டிவிட்டாய். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, என் கையால் சாப்பிடாதவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் பஸ் டிப்போ கேன்டீனில் நடந்த கூத்தைக் கேள், எல்லாம் உன்னால் வந்த வினைதான்.

நீ கிளம்பும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா, வாரத்தில் ஒரு நாளாவது இறைச்சி வேண்டாம், கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையைத் தேடி வாங்குங்கள், வெளியே சாப்பிடும் இடத்திலும் வாய் திறந்து கேளுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்ததே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இவன் சொல்வதைக் கேன்டீனில் ஒரு நாள் செய்து காட்டுவோம், ஒருத்தனும் தொடமாட்டான், மிச்சத்தைப் போட்டோ எடுத்து இவனுக்கு அனுப்பி மூக்கை உடைப்போம் என்று முடிவு செய்தேன். கொண்டைக்கடலையும் கத்தரிக்காயும் போட்டு ஒரு குழம்பு. தோற்க வேண்டும் என்பதற்காகவே வைக்கிற குழம்பு, அதனால் வெங்காயத்தை அரைவேக்காட்டில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கை கேட்டால்தானே. வெங்காயம் பொன்னிறமாகிற வரை அது பாட்டுக்குக் கிளறிக்கொண்டே இருந்தது, பிறகு இவ்வளவு வதக்கியாயிற்று பூண்டைத் தட்டிப் போடாவிட்டால் பாவம் என்று தோன்றியது, கடைசியில் நானே ருசி பார்த்து நானே ஒரு கிண்ணம் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். ஒன்றரை மணிக்கு டிரைவர்கள் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.

இதைக் கேள்விப்பட்ட மேலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவருக்கு நோட்டீஸ் ஒட்டுவது என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும். அடுத்த வாரம் வாசலில் ஒரு கன்றுக்குட்டி படத்தைப் போட்டு, இன்று இறைச்சியில்லா நாள், வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்டுவோம், ஊழியர்கள் தவறாமல் ஒத்துழைக்கவும் என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டார். அதே குழம்புதான், அதே கைதான், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மீசை என்று கூப்பிடுவார்களே அந்த டிரைவர், அன்பெல்லாம் சரிக்கா, ராத்திரி பூரா வண்டி ஓட்டுறவனுக்கு யாரு அன்பு காட்டுவா என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டான், அவன் பின்னால் பாதி டிப்போ போயிற்று. மிச்சக் குழம்பை உன் அப்பா மூன்று நாள் சாப்பிட்டார். ஒத்துழைக்கவும் என்று எழுதினால் எவனுக்குத்தான் பசிக்கும்.

நோட்டீசைக் கிழித்தேன், எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பதினாறு வருடமாக அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கிறேன், பசியோடு வருகிறவன் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா, முதலில் இருக்கிற பாத்திரத்தில் இரண்டு கரண்டி எடுப்பான், அடுத்ததில் ஒன்று, கடைசிக்கு வரும்போது தட்டில் இடம் இருக்காது. கறிதான் எப்போதும் முதலில் இருக்கும். அதைத் தூக்கிக் கடைசியில் வைத்து, அதில் ஒரு சின்னக் கரண்டியையும் போட்டேன். கடலைக் குழம்பும் காளானும் முன்னால் வந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதத்தில் நாங்கள் வாங்குகிற கறி பாதியாகிவிட்டது, ஒருத்தனுக்கும் தெரியவில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை, ஆனாலும் உனக்கு எழுத ரோஷம் விடவில்லை.

முட்டைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முட்டைக்காரர் வண்டி பழுதாகிவிட்டது, டிப்போ வேனில் நானே பண்ணைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ முட்டையை உடைத்திருக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. நம் கேன்டீன் சாப்பாட்டுத் தட்டு இருக்கிறதே, அந்த அளவு இடம்கூட ஒரு கோழிக்குக் கிடையாதுடா. ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, இறக்கையை விரிக்க வழியில்லை. ஒரு கோழி கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி என் ஏப்ரன் நாடாவைக் கவ்விப் பிடித்துக்கொண்டது, இழுக்கிறேன் விடமாட்டேன் என்கிறது, பாவம் அதற்கு அன்றைக்கு வாய்த்த ஒரே வேடிக்கை அந்த நாடாதான். இதுங்கள வெளிய விடவே மாட்டீங்களா என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன், விடுவோம்க்கா, ஒரே ஒரு தடவ, கறிக்கடை வண்டியில ஏத்துறப்ப என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கிறது என்று சமாளித்தேன். மறுநாளே முட்டைக்காரரைப் பிடித்து, கோழியை நடமாட விடுகிற இடம் எங்கேயாவது உண்டா என்று விசாரித்தேன், ஒண்ணு இருக்குக்கா, ஆனா முட்டை கம்மியாத்தான் வரும், ஒரே அளவா இருக்காது என்றார். என்னிடம் சாப்பிடுகிறவர்களும் ஒரே அளவாக இல்லை, கொண்டுவாருங்கள் என்றேன். தினமும் போட்ட ஆம்லெட் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று.

அங்கேதான் வந்தது வம்பு. புகார்ப் பெட்டியில் ஒரு மொட்டைக் கடிதம் விழுந்தது. மேலாளர் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, இதற்குத் தலைமைச் சமையல்காரர் பதில் சொல்ல வேண்டும், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுப்படிப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, கடிதத்தை வாசித்தார். ஆம்லெட் பாதி நாள் காணோமாம், குழம்பில் கறியைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறதாம். சாப்பிடுகிறவனிடம் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றுவது ஏமாற்று வேலை, தன் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. கடைசியில், தலைமைச் சமையல்காரர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை, சொல்லப்போனால் முப்பத்தொரு வருடமாக அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு என்று முடித்திருந்தது. நான் டிப்போவில் சேர்ந்தே பதினாறு வருடம்தான் ஆகிறது. முப்பத்தொரு வருடம் எதற்கு ஆகிறது என்று உனக்கே தெரியும். போதாக்குறைக்கு நேரக் காப்பாளர் அறையில் மட்டும் இருக்கிற பச்சை மை, அந்த அறையில் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தேன், உன் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூரையில் ஓடுகிற மின்விசிறியை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வாருங்கள் வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எழுந்தேன். பதில் தயாராகத்தான் இருந்தது. உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று தொடங்கினேன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு எலும்பு கையில் சிக்கி நீ என்னைப் பார்த்தபோது நான் சொன்னதும் அதே வார்த்தைதான் கண்ணா, கரண்டி மாறியது என்பதெல்லாம் நீ தட்டை நகர்த்திய பிறகு சேர்த்துக்கொண்டது. இருநூறு பேர் முன்னால் உன் முகம் வந்து நின்றது. எழுதினவர் சொல்றது சரிதான், சொல்லாம மாத்தினது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இனிமேல் எந்தப் பாத்திரத்தில் என்ன போட்டிருக்கிறேன் என்று உப்பு வரைக்கும் பலகையில் எழுதி வைக்கிறேன், உபதேசம் எழுதமாட்டேன், முட்டையை ஏன் மாற்றினேன் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் நான் பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் நாடாவைப் பிடித்துக்கொண்ட கோழியைப் பற்றிச் சொன்னேன். மேலாளர், பழையபடி கறியை முன்னால் வைக்கச் சொல்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். உன் அப்பாவின் கை பாதி தூரம் எழும்பியது, நான் பார்த்தேன், அப்படியே தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது. மீசைதான் எழுந்து, எழுதிப் போட்டுட்டு எங்க வேணா வைங்கக்கா, ஆனா சின்னக் கரண்டி மட்டும் வேணாம், அது ரொம்ப அநியாயம் என்றான். கரண்டியை மாற்றிவிட்டேன். இப்போது அவன் வீட்டுக்கும் அந்த முட்டைதான் போகிறது, அவன் மனைவி பக்கத்து வீட்டுக்காரிகளையும் கேட்க வைத்திருக்கிறாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பேனாவை வைத்தேன். மனுஷன் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, நீ நம்ம பையனுக்குச் செஞ்சது மட்டும் என்னவாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சண்டைக்கு நின்றவள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ஆகவே இதை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கரண்டி மாறவில்லை. நீ கன்னம் ஒட்டிப்போய் வாசலில் வந்து நின்றாய், எலும்பை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடிகட்டி உன் பருப்பில் ஊற்றினேன். வடிகட்டியில் கிழிந்திருந்த ஓட்டை காட்டிக்கொடுத்தது மூன்றாம் நாள், ஆனால் நான் ஊற்றியது முதல் நாளிலிருந்தே. இரண்டாம் நாள் நீ விரலை நக்கிக்கொண்டு, அம்மா உன் பருப்பு மாதிரி எங்கேயும் வராதும்மா என்றாய், நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன். மூன்று வருடமாக நீ காப்பாற்றி வந்ததை உன் அம்மாவே உனக்குத் தெரியாமல் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, மன்னித்துவிடுடா. வாசலில் நின்று சொன்னதையும் மறந்துவிடு, அது உன் வீடு, நீ வெறும் வாழைப்பழம் சாப்பிட்டாலும் அது உன் வீடுதான்.

நான் முழுசாக மாறிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்காதே, வார லீவில் இன்னும் கறி சாப்பிடுகிறேன், பால் இல்லாத டீ எனக்குக் கஷாயம் மாதிரி இருக்கிறது. ஆனால் உனக்கென்று ஒரு புதுப் பாத்திரமும் கரண்டியும் வாங்கித் தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன். உன் அப்பா அதில் ஒரு முட்டையை வேகவைக்கப் பார்த்தார், நான் கத்திய கத்தலில் முழங்கால் வலி போய்விட்டது என்கிறார். சமையலறைச் சுவரில் சின்னதாக ஒரு பலகையும் மாட்டிவிட்டேன். நேற்று அதில் பருப்பு, தக்காளி, வெங்காயம், எண்ணெய், உப்பு என்று எழுதினேன், திரும்பி வந்து பார்த்தால் அதன் கீழே பச்சை மையில், வேறொன்றும் இல்லை, நான் சாட்சி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

டிப்போ நர்ஸ் அம்மாவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன், இந்த மாதிரி சாப்பிடுகிறவர்கள் பி12 மாத்திரையை விடக் கூடாது, அவ்வப்போது ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார், மறக்காதே. நோய்நொடி இல்லாமல், மனசு குளிர, நீ நினைத்த மாதிரியே நன்றாக இரு, நீ இரக்கப்படுகிற அந்த ஜீவன்களின் வாழ்த்தும் உனக்கு இருக்கட்டும். அடுத்த மாத லீவுக்கு வா. வந்ததும் பாத்திரத்தின் மூடியை நீயே திறந்து பார், என்ன போட்டிருக்கிறாய் என்று கேள், கோபித்துக்கொள்ளமாட்டேன். அதற்கு முன்னால் ஒரு போன் செய், அம்மா எங்கே என்று கேள். நான் குளிக்கவில்லை.

இப்படிக்கு,
எலும்பைப் போட்ட
உன் அம்மா