பூசணிப் படகுப் போட்டியில் என்னைத் துரத்திய ட்ரோன் குறித்து

அனுப்புநர்:
வெண்டல் கோமோ,
மில் சாலை, ஹெரன் ஏரி,
நோவா ஸ்கோஷியா.

பெறுநர்:
திருமதி மியூரியல் ஸ்விக்கர் அவர்கள்,
பூங்கா மற்றும் விழாக்கள் பிரிவு இயக்குநர்,
ஹெரன் ஏரி நகர மன்றம்.

பொருள்: தானாகப் பறந்து படமெடுத்த ட்ரோனால் நேர்ந்த இன்னல் – எனக்கு விதித்த தடையை நீக்கவும், ட்ரோன்களுக்கு விதி வகுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கடந்த 11ஆம் தேதி நடந்த பூசணிப் படகுப் போட்டியில், நானே வளர்த்துக் குடைந்த பூசணியில் அமர்ந்து துடுப்புப் போட்டேன். பாதி ஏரி வரை நானே முதலிடம். வழக்கமாக நான் எந்த இடத்தில் வருவேன் என்பது தங்கள் அலுவலகம் அறிந்ததே.

2. என் மனைவியின் தம்பி லோர்ன் வேனோ, எனக்குப் பின்னால் வந்த தன் மகள் டெஸ்ஸாவைப் படமெடுக்க ட்ரோனைப் பறக்கவிட்டார். திரையில் ஆளைச் சுற்றிக் கட்டம் போட்டால், அந்த ஆளை அது தானாகவே பின்தொடரும். அவர் கட்டம் போட்ட வேளையில் நான் குறுக்கே போனேன். பூசணியும் ஆரஞ்சு, மிதவைச் சட்டையும் ஆரஞ்சு. ட்ரோன் என்னையே ஏற்றுக்கொண்டது.

3. திரையை மறுபடி பாராமல், ரிமோட்டை ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டு அவர் மீன் சூப் குடிக்கப் போய்விட்டார். ட்ரோன் என் தலைக்கு மேலேயே இரைந்துகொண்டு வந்தது.

"லோர்ன், இத நிறுத்துடா! என் பின்னாடியே வருது!" என்று கத்தினேன்.

"பயப்படாத மச்சான், அது தானா பாத்துக்கும்! கொஞ்சம் சிரி!" என்று கரையிலிருந்து பதில் வந்தது.

நான் வேகமாகத் துடுப்புப் போட்டால் அதுவும் வேகமாக வந்தது. நாணலுக்குள் ஒளியலாம் என்று எல்லை மிதவைகளைத் தாண்டினேன். பூசணிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, சுழன்று கவிழ்ந்தது. அக்டோபர் மாதத் தண்ணீரைப் பற்றி அரசு மனுவில் எழுதத்தக்க சொற்கள் என்னிடம் இல்லை. உயிர்காப்புப் படகு வந்து என்னைத் தூக்கும்வரை ட்ரோன் அங்கேயே நின்று படமெடுத்தது.

4. அதன்பிறகே லோர்ன் ரிமோட்டை எடுத்து, வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினார். தான் கிளம்பிய இடமே அதற்கு வீடு. இதற்கிடையில் காற்றுக்கு ஒதுங்க, தேவாலயப் பெண்கள் சூப் மேசையை அந்த இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ட்ரோன் மிக ஒழுங்காக இறங்கி, சூப் அண்டாவுக்குள் அமர்ந்தது.

திருமதி ஹில்டா ஜிங்க் கரண்டியும் கையுமாக, "இது யாரோடதுன்னு சொல்லுங்க, கிண்ணத்துல ஊத்தித் தரேன்" என்றார்.

சுழலும் இறக்கைகளில் சிக்கி யாருடைய விரலும் போகவில்லை. அது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல.

5. இதன் பின் நடந்ததே என் மனக்குறை. எல்லை தாண்டியதற்காகத் தங்கள் அலுவலகம் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு எனக்குத் தடை விதித்தது. அதே அலுவலகம், லோர்னின் படத்துக்கு இலையுதிர்காலக் குறும்படப் பரிசை வழங்கியது. பரிசளிப்பு விழாவில் நான் கவிழும் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். என் பாதிரியார் இன்னொரு முறை போடச் சொன்னார்.

6. லோர்ன் பிரித்தே பாராத அந்தக் கருவியின் கையேட்டை நான் முழுவதும் படித்தேன். எனவே கோருவது: ட்ரோன் தானாகப் பறந்தாலும் ரிமோட் கையிலும் பார்வை ட்ரோன் மீதும் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் இருப்பது யார் என்பதைச் சரிபார்த்த பிறகே தொடரவிட வேண்டும். கூட்டத்துக்கு மேலும் மரக்கிளை, மின்கம்பி அருகிலும் இப்படித் தானாகத் தொடரவிடக் கூடாது. இறங்கும் இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது, சூப் உட்பட. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று கேட்டால், உரிமையாளர் யோசிக்காமல் காட்ட வேண்டும்.

7. என் தடையை நீக்கி, மேற்கண்டவற்றை அடுத்த விழாவுக்குள் விதியாக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். லோர்ன் நேற்று வீட்டுக்கு வந்து, "புதுசு வாங்கிட்டேன் மச்சான், இது இன்னும் வேகமாப் போகும்" என்று தெரிவித்தார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

என் மனைவி டார்லீன், சிரிப்பு நின்றதும் சாட்சிக் கையொப்பம் இடுவதாகக் கூறியுள்ளார். இதுவரை நிற்காததால் நான் மட்டுமே கையொப்பமிட்டுள்ளேன்.

இடம்: ஹெரன் ஏரி
நாள்: அக்டோபர் 20

இன்னும் முழுதாகக் காயாத,
வெண்டல் கோமோ
(கையொப்பம்)