வலது காது உனக்கு

மாரியம்மன் துணை

லிந்துலை
14.9.80

அன்புள்ள மகன் சின்னராசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா நாகலெட்சுமியும் மருமகனும் அக்கா மகள் பாப்பாவும் அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு இருப்பதைப் பின்னால் எழுதுகிறேன். உன் சுகத்துக்குப் பதில் போடு என்று வழக்கம்போல் கேட்க வேண்டியவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேராசிரியர் வீட்டில் சாப்பாடு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர், அந்த அம்மா கையால் மிளகு ரசம் என்று நீ எழுதுவதைப் பார்த்தால் உன் சுகத்துக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. சந்தோஷம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்று பார்த்திருப்பாய். நம் லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டில் இருந்த அழகனுக்கும் வேலாயிக்கும் இந்தியா போகிற கடுதாசி வந்துவிட்டது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோச்சி ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுகிறார்கள், அவர்களுக்கும் நீ இருக்கிற திருச்சிப் பக்கம்தான் இடம் சொல்லியிருக்கிறது. அதனால் அழகன் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு சின்னத் துணிப் பொட்டலமும் தருவான். இதை முழுக்கப் படிக்காமல் அதைப் பிரிக்காதே. போன இடத்தில் அவர்களுக்கு ஒரு மனுஷரையும் தெரியாது, வேலாயி இப்போதே சாமான் கட்டிக்கொண்டே அழுகிறாள், நீ ஒரு நடை போய்ப் பார்த்து வா.

இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்து நிறைய வருகிறது, தேயிலை ஸ்டோரில் இரண்டு நேரமும் மெஷின் ஓடுகிறது, நான் இன்னும் தூள் சலிக்கிற பக்கம்தான் நிற்கிறேன், இருமல் கொஞ்சம் உண்டு, அதை அம்மாவிடம் எழுதிக் கேட்காதே. கொத்மலையில் அணை கட்டுகிறார்களாம், வயலும் கோயிலும் தண்ணிக்குள் போகப் போகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் இப்போதும் கங்காணி முதல் எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். மகன் எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்கிறான் என்று சொன்னேனா, அவ்வளவு பெரிய கணக்குப் படிச்சா நேரா பெரிய கணக்கப்புள்ள வேல குடுப்பாங்களா அண்ணே என்று கேட்கிறார்கள். இல்லடா, அது வேற கணக்கு என்றேன். வேற கணக்குன்னா என்ன கணக்கு என்கிறார்கள். அதற்குத்தான் நீ எழுதின வடைக் கணக்கை எடுத்துவிட்டேன். உளுந்து வடையும் பிடி வைத்த தேத்தண்ணிக் கோப்பையும் ஒன்றுதான், இரண்டிலும் ஒரே ஓட்டை, மாவு மாதிரி பிசைந்து இழுத்தால் ஒன்றை மற்றொன்றாக ஆக்கிவிடலாம், ஓட்டை எத்தனை என்பதுதான் முக்கியம், ஒரு ஓட்டை இருப்பதைப் பிய்க்காமல் ஒட்டாமல் இரண்டு ஓட்டை ஆக்கவே முடியாது என்று நீ எழுதினதை அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து தேநீர் நேரம் வந்தால் போதும், செல்லசாமி அண்ணே, கோப்பையக் கடிச்சுப் பாத்தீங்களா, உப்புச் சரியா இருக்கா என்று சிரிக்கிறான்கள். நானும் சிரித்துவிட்டுப் போகிறேன். ஆனால் உள்ளபடி சொன்னால் எனக்கும் அது பிடிபடவில்லை.

பிடிபடாததுதான் வயிற்றெரிச்சல். ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்கு உன் பேராசிரியர் மேல் பொறாமை. நீ எழுதுகிற கடிதத்தில் பாதிக்கு மேல் அவர்தான் வருகிறார். நீ ஒரு கணக்கைப் புது வழியில் செய்து கொண்டுபோய்க் காட்டினாயாம், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாராம், முதுகில் தட்டினாராம். அந்தத் தாளை என் கையில் கொடுத்தால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமா? சாப்பிட்டாயா, சளி பிடித்ததா, செருப்பு இருக்கிறதா என்று கேட்கத்தான் தெரியும். நீ தலைக்குள் வைத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரிகிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை, இது எந்த ஊர் நியாயம்? உன் அம்மாவிடம் சொல்லிப் பொருமினேன். அவள், ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க, நல்ல மனுசங்க, விடுங்க என்றாள். அவர்கள் நல்ல மனுஷர்கள்தான், யார் இல்லை என்றது. ஆனால் அந்தப் பழமொழியில் வருகிற ஊரான் யார் என்று பார்த்தால் அது நான்தானே அம்மாக்கண்ணு என்றேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

இது வரைக்கும் இருந்தது சின்னப் பொறாமை. வைகாசி லீவுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நாங்களும் பாப்பாவுக்குக் காது குத்துவதை அதற்காகத்தான் வைத்திருந்தோம். உன் அக்காவுக்கு நீ ஒரே தம்பி, நீ வந்து மணையில் உட்கார்ந்து உன் மடியில் வைத்துக் குத்தினால்தான் அது காதுகுத்து. பிறகு பேராசிரியர் படிக்கப் புத்தகம் கொடுத்திருக்கிறார், லீவிலும் லைப்ரரியில் இருக்கச் சொல்கிறார், வரவில்லை என்று எழுதினாய். படிப்புக்குத்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆடியில் உன் அடுத்த கடிதம் வந்தது. வழக்கம்போல் விளக்கடியில் உட்கார்ந்து எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். பேராசிரியருக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள், மூத்தவள் குழந்தைக்குச் சமயபுரத்தில் காது குத்தினார்கள், மாமன் முறைக்கு ஆள் இல்லை, நீயும் எங்கள் பிள்ளைதானே என்று அந்த அம்மா சொல்ல நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன், குழந்தை என் சட்டையை நனைத்துவிட்டது என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். நான் படித்துக்கொண்டே போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. உன் அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சின்னராசா, நீ தப்பு நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். வடையையும் கோப்பையையும் ஒன்று என்று படிக்கிற பிள்ளை அந்த மடியும் இந்த மடியும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பாய். அது அப்படி இல்லையப்பா. சோறு போடட்டும், வெந்நீர் போடட்டும், முதுகில் தட்டட்டும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். உன் மடி உன் அக்காளுடையது. சொந்த மருமகள் இங்கே மூளிக் காதோடு தவழ்ந்து திரிகிறாள், நீ அங்கே யார் வீட்டுக் குழந்தைக்கோ மாமனாகிவிட்டு வந்து அதைச் சிரிப்பாக எழுதுகிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், உங்க மகன் பழனியாண்டியே உக்காரட்டும், அவனும் மாமன்தானே என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி அம்மா காளியாயியும் நெருக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், பாப்பாவுக்குப் பதினோராவது மாதம், ஒற்றைப்படையில் குத்த வேண்டும், இதை விட்டால் மூன்று வயதுதான் என்று. உன் அம்மா மட்டும், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அரிசி ஊறப்போடப் போனாள்.

ஆவணியில் நம் லயத்து மாரியம்மன் கோயிலில் வைத்தோம். தலவாக்கலையிலிருந்து ஆசாரி வந்தார், தப்பு அடித்தார்கள், பழனியாண்டி பாவம், கடைக்கு லீவு சொல்லிப் புது வேட்டி கட்டி, பாப்பாவுக்குக் கவுனும் இனிப்பும் வாங்கி வந்திருந்தான். மணையில் உட்கார்ந்தான். தோடு உன் அம்மா சேர்த்துச் சேர்த்துச் செய்து வைத்த ஜோடிதான், நீ கொண்டுவந்து போட்டதாக இருக்கட்டும் என்று உன் பேரைச் சொல்லி வைத்திருந்தது, உனக்குத் தெரியாது. ஆசாரி இடது காதைப் பிடித்துக் குத்தினார். பாப்பா போட்ட சத்தத்தில் மேல்மலையில் கொழுந்து எடுத்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டைத் திருகி முடித்துவிட்டு பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான், உன் அக்கா குனிந்து பழனியாண்டி மடியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போதும் ஆசாரி, அந்தக் காது என் தம்பிக்கு என்றாள். தப்பு நின்றுவிட்டது. காளியாயி அம்மா, அடியே, ஒத்தக் காதோட பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு நான் எந்த மொகத்தோட நாலு பேருக்கு முன்னால நிக்கிறது என்று தலையில் கை வைத்தார்கள். மருமகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விடும்மா, அவ சொன்னா சொன்னதுதான் என்றான், நல்ல பையன். ஆசாரி, இத்தன வருசத்துல ஒரு காது குத்திட்டு வீட்டுக்குப் போறது இதான் மொத தடவ என்று சாமானைச் சுருட்டினார். நான் அப்பன், அவளை அதட்டியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கிவிட்டது, அது முகத்தில் தெரியக் கூடாது என்று ஆசாரிக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பிறகு பழனியாண்டியைச் சமாதானம் செய்யப் போனேன். அவன், விடுங்க சித்தப்பா, எனக்கும் ஒரு காது கெடச்சுச்சுல்ல என்று சிரித்தான். அவனுக்கு நீ கட்டாயம் ஒரு கடிதம் போட வேண்டும். இப்போது உன் மருமகள் ஒரு தோட்டோடு லயம் முழுக்கத் தவழ்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம், எங்கடி இன்னொரு தோடு, காக்கா தூக்கிட்டுப் போச்சா என்று கேட்கிறார்கள். பாப்பா அந்த வெறும் காதைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்குகிறாள்.

பேராசிரியர் உன்னை மேலே ஆராய்ச்சிக்கு நிற்கச் சொல்கிறார், என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டிருந்தாய். நில். லயத்துக் காம்பிராவிலிருந்து போய் அவ்வளவு தூரம் ஏறியவனை இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் பொறாமை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சித்திரையில் பரீட்சை முடிந்ததும் ஒரு தடவை கப்பல் ஏறி வந்துவிட்டுப் போ. பாப்பாவுக்கு மூன்று வயதாகும் வரை உன் அக்கா காத்திருப்பாள், நாங்கள்தான் காத்திருக்க மாட்டோம், ஒற்றைப்படை இல்லாவிட்டால் போகிறது, சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இனி அந்தப் பொட்டலத்தைப் பிரி. வலது காதுத் தோடு அதில் இருக்கிறது. கப்பலில் பரிசோதிப்பார்களே என்று வேலாயி அதைத் தன் சின்ன மகள் காதில் போட்டுக் கூட்டிவந்து, அங்கே கழற்றிப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அந்தப் பிள்ளை கையில் ஏதாவது தின்னக் கொடு. ஓட்டை ஒன்று இருப்பதும் இரண்டு இருப்பதும் எந்தக் காலத்திலும் ஒன்றாகாது என்று நீதான் எழுதினாய். நான் உன் படிப்பில் விளங்கிக்கொண்டது அது ஒன்றுதான், அதையும் உன் அக்காதான் விளங்க வைத்தாள்.

நன்றாகப் படி. இரவில் கண் விழித்தால் பசியோடு விழிக்காதே. அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ நீடூழி வாழ்ந்து பெரிய பேரெடுக்க எங்கள் எல்லாருடைய ஆசியும் உண்டு. உன் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல், மனசில்லாமல்தான் எழுதுகிறேன், இருந்தாலும் மறக்காமல் சொல். அந்த அம்மாவுக்கும் சொல். தோட்டை மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த அம்மாவிடம் கொடுத்து வைக்காதே. உன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற ஊரான்,
செல்லசாமி