நீ கறக்காத பால்

மச்சான்,

இதை எழுதும் கையில் கடும்பு மணக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், போகவில்லை. கன்று ஈன்ற பசுவின் முதற்பால் மணம் உனக்குத் தெரியாததா? சீம்பால் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு விளங்கும். நமக்கு அது கடும்பு. முந்தநாள் விடியற்காலை நம் பசு டெய்சியின் மகள் ஒரு பெண் கன்று போட்டிருக்கிறாள். நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. நீ இருந்திருந்தால் இந்நேரம் அதற்கு நாலு பெயர் வைத்து, நாலையும் மாற்றியிருப்பாய்.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதமாகிறது. உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட்டே பழகிவிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். பத்து வருடமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லிவிட்டேன். எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

நம் வீடுகள் இருக்கும் ரோவிலில் இருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில், வேலி பாதி விழுந்த அந்த ஐந்து ஏக்கரை நாம் வாங்கியபோது ஊரே சிரித்தது. இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் ஆறு கோழிகள். டண்டினொங் பக்கம் ஒருவரிடம் வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்துப் பின் இருக்கையில் ஏற்றினோம். ஒன்று பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து உன் தோளில் ஏறி நின்றது. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ கண்ணாடியை இறக்கி, "மை அன்ரி" என்று அந்தக் கோழியை அறிமுகம் செய்துவைத்தாய். அதன் பிறகு சாகும்வரை அந்தக் கோழிக்கு அன்ரி என்றே பெயர்.

பிறகு மூன்று ஆடுகள் வந்தன. அவற்றில் ஒன்று உன் சட்டைப் பையில் இருந்த வேலை அட்டவணையை முழுதாகத் தின்றுவிட்டது. அந்தக் கிழமை எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று தெரியாமல் நீ தினமும் ஆறு மணிக்கே நாம் வேலை செய்த களஞ்சியத்துக்குப் போய் நின்றாய். எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேருவோம். கார்ச் சத்தம் கேட்டதும் ஆடுகள் வேலியடிக்கு ஓடிவரும். கூட்டுக்குள் கை விட்டால் முட்டை இளஞ்சூடாக இருக்கும். அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது உன் பழக்கம். "இதுகள் விசாவும் கேக்காது, வேலையும் கேக்காது. நேரத்துக்கு வந்தாச் சரி" என்பாய். இந்த நாட்டில் நாம் எதற்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் நின்ற இடம் அந்தத் தொழுவம் ஒன்றுதான்.

கறவை மட்டும் அந்த நாட்களில் உனக்கு வரவேயில்லை. நான் மாட்டோடு வளர்ந்தவன். நீயோ பட்டினத்துப் பிள்ளை, பால் போத்தலில் வந்த வீடு. நீ காம்பைப் பிடித்தால் ஆடு திரும்பி உன்னைப் பரிதாபமாகப் பார்க்கும். "மச்சான், நீ கற. நான் இவளோட கதைச்சுக்கொண்டு நிக்கிறன்" என்று தலைப் பக்கம் போய்விடுவாய்.

டெய்சி வந்தபோது நிறைமாதத்துக்கு நாலு மாதம் இருந்தது. பெயரும் சேர்ந்தே வந்தது. அவளுக்கு "கம் ஓன்" மட்டும்தான் விளங்கும், "வா" என்றால் காது ஆடாது. தங்கச்சிதான் அவளுக்குத் தமிழ் படிப்பித்தாள். பிள்ளைகள் இரண்டும் சிட்னிக்குப் போய், வீடு வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு, சனி ஞாயிறில் நம்மோடு வந்து, டெய்சியின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே கன்று உதைத்தால் "அண்ணை, உதைக்குது, உதைக்குது" என்று கத்துவாள். பழைய கம்பளிப் போர்வை ஒன்றை வெட்டிக் கன்றுக்குக் குளிர் அங்கி தைத்து வைத்தாள். நாலு கால்களுக்கும் நாடா, மார்பில் ஒரு பொத்தான்.

அந்தச் சனிக்கிழமை விடிய நான்தான் முதலில் போனேன். டெய்சி கன்று போட்டு நக்கிக்கொண்டு நின்றாள். பெண் கன்று. இன்னும் எழும்பவில்லை, ஈர வைக்கோலில் தலையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. மடி வெடித்துவிடும்போல் இருந்தது. என் ஊரில் அப்படி ஒரு மடியை நான் கண்டதில்லை.

இங்கேதான் நான் பிழை விட்டேன் மச்சான். ஊரில் கன்று போட்டால் அயலுக்குக் கடும்பு கொடுப்போம். அந்த வழக்கத்தை இந்த நாட்டில் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பெரிய எண்ணம். இரண்டு கிழமையாக ரோவிலில் பதின்மூன்று வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். "அண்ணை, கடும்பு எப்ப?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பலர் முப்பது வருடமாக அதை வாயில் வைக்காதவர்கள். இவ்வளவு பெரிய மடி, நான் எடுத்தாலும் கன்று எழும்புமுன் ஊறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் கன்று குடிக்காமல் ஒரு சொட்டுக் கறக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கடைசிவரை கறந்தேன். மஞ்சள் மஞ்சளாய் வாளி நிறைந்தது.

ரோவிலில் எனக்கு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்ல! ஒரு ஐயா கடும்பைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுத் தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பெருமையோடு திரும்பி வந்தேன். நீ அதற்குள் வந்து கன்றடியில் குந்தியிருந்தாய். வாளியைப் பார்த்தாய். பிறகு கன்றைக் காட்டிக் கேட்டாய்.

"கண்டு குடிச்சதோ?"

"ஓமடா, குடிச்சது" என்றேன்.

நான் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பின்னேரம் கன்று எழுந்து நின்று குடித்தது, நானும் தப்பினேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல் தொடங்கியது. தங்கச்சி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, அங்கியைப் போட்டுவிட்டு, கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் அது போய்விட்டது. மிருக வைத்தியராக வந்த அந்த இளம்பெண் கண்ணை உயர்த்தாமல் சொன்னாள், முதல் சில மணி நேரத்தில் குடிக்கவேண்டிய பால் வயிற்றுக்குள் போகவில்லை என்று. பிறகு கேட்டாள், அந்தப் பாலைக் கறந்தது யார்?

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "ஐ டிட்" என்றாய்.

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். ஒரு சொல் போதும். சொல்லவில்லை. அங்கியோடேயே கன்றைப் புதைத்தோம். அதன் பிறகு தங்கச்சி உன்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. காணிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். அடுத்த கன்றுக்கும் வரவில்லை, அதற்கடுத்த கன்றுக்கும் வரவில்லை. நீ கொண்டுபோகும் முட்டையை வாங்கிக் குசினியில் வைப்பாளாம், ஒன்றும் கேட்கமாட்டாளாம். நீ அதை ஏதோ காலநிலை சொல்வதுபோல் என்னிடம் சொல்லுவாய். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நான் கோழை மச்சான். அதற்கு வேறு பெயர் இல்லை.

கன்று செத்த மறுநாளே வாளியோடு வந்து, "எனக்குக் காட்டு, இண்டையில இருந்து நான்தான் கறப்பன்" என்றாய். உன் விரல்கள் வீங்கின. டெய்சி இரண்டு முறை உன்னை உதைத்து விழுத்தினாள். மூன்று மாதத்தில் என்னைவிட நன்றாகக் கறந்தாய். எனக்கு மனது சரியில்லை என்று பார்த்து என் வேலையை வாங்கிக்கொண்டாய் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பிறகு வந்த ஒவ்வொரு கன்றுக்கும் நீ ஒரு சட்டம் வைத்தாய். "கண்டு குடிச்சு, வாய் துடைச்சு, படுத்தாப் பிறகுதான் வாளி." கடும்பு கேட்டவர்களுக்கெல்லாம் இம்முறை இல்லை என்று நீயே சொல்லிவிட்டாய். நானும் அதன் பிறகு கடும்பை வாயில் வைக்கவில்லை.

முந்தநாள் கன்று எழும்பும்வரை வேலியில் சாய்ந்து நின்றேன். குடிக்கும்வரை நின்றேன். அது வாயெல்லாம் நுரையோடு போய்ப் படுத்த பிறகும் நின்றேன். வாளியைத் தொடவில்லை. இன்று மூன்றாம் நாள் காலை, அது வயிறு முட்டக் குடித்த மிச்சத்தில் ஒரு செம்பு மட்டும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

தங்கச்சி கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்று கதிரையைக் காட்டினாள். நான் இருக்கவில்லை. இருந்தால் தேத்தண்ணி வரும், பிறகு சிட்னிப் பிள்ளைகளின் கதை வரும், வழக்கம்போல் எழுந்து வந்துவிடுவேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். கறந்தது நான், அவனில்லை, கன்று குடித்ததைப் பார்க்காமலே குடித்தது என்று சொன்னதும் நான்தான் என்று.

அவள் செம்பை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"அவன் சொன்னவனோ?"

"அவர் சொல்லவேணுமே? அந்த நேரம் அவருக்குக் கறக்கத் தெரியாதெல்லே. ஆட்டுக்குப் பக்கத்தில நிண்டு கதை சொன்ன ஆள், டெய்சியில ஒரு வாளி கறந்தவராம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்து வருடமாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தப்பினேன் என்பதைத் தவிர வேறொன்றையும் அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

"அப்ப ஏன் தங்கச்சி ஒரு மாதம் அவனோட கதைக்கேல்லை?"

"கண்டு செத்ததுக்கு எண்டே நினைச்சனீங்கள்? என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னவர், அதுக்கு. பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்கிறன் எண்டு போய்க் கறக்கப் பழகினவர். விசரன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. 'அவன் தானா வந்து சொல்லுவான், நீ பொறு' எண்டவர். ஒவ்வொரு கண்டு பிறக்கேக்கையும் அதைத்தான் சொல்லுவார். நானும் நீங்கள் வந்து சொன்னாப் பிறகு காணிக்கு வருவம் எண்டு இருந்தனான்."

மச்சான், கன்றின் சாவை நான் எப்படியோ பழகிவிட்டேன். இதை எப்படிப் பழகுவது? நீ என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்திருந்தேன். நீ எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். பக்கத்தில் குந்தியிருந்து, கறந்துகொண்டு, ஒரு நாளும் முகம் கோணாமல். நான் சொல்லியிருந்தால் அன்றே தங்கச்சி வந்திருப்பாள். நாம் மூன்று பேருமாக அந்தக் கன்றுகளைப் பார்த்திருப்போம். பத்து வருடத்தை உங்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன். நீ போன பிறகு வந்து சொல்லியிருக்கிறேன்.

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். அவள் செம்பின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"காய்ச்சேல்லையே?"

"இல்லை."

"எனக்கு வேண்டாம். வாங்கோ, இதைக் கண்டுக்கே குடுத்திட்டு வருவம்."

வாசலில் இருந்த உன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு இரண்டு அளவு பெரிது. காரில் செம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தொழுவத்தில் டெய்சியின் மகள் அவளை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்றாள். தங்கச்சி வைக்கோலில் இருந்து, கடும்பில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள். முதலில் அது தலையைத் திருப்பியது. பிறகு விரலைப் பிடித்துக்கொண்டது. செம்பு வெறுமையாகும்வரை அவள் எழும்பவில்லை. நானும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அன்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய் மச்சான், கண்டு குடிச்சதோ என்று. ஓம், குடிச்சது. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.